மீடியன் கண்டுபிடிக்கலாம் வாங்க: ஏழு எண்கள் போதும்

வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் கேட்டார். சட்டென்று சொல்லத் தெரியவில்லை. சரி, ஏழு நாள் குறித்து வைத்துப் பார்ப்போம் என்று குறித்தேன். நிமிடக் கணக்கு இதோ:

41, 35, 38, 95, 36, 40, 37

நான்காம் நாள் வண்டி வழியில் நின்றுவிட்டது, அதனால்தான் 95. எல்லாவற்றையும் கூட்டினால் 322, ஏழால் வகுத்தால் சராசரி 46. கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஆறு நாள் 41 நிமிடத்தைத் தாண்டவே இல்லையே! ஒரே ஒரு கெட்ட நாள் மொத்தச் சராசரியையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது மீடியன்.

மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை நிற்கவைத்தால் நட்ட நடுவில் நிற்பது எதுவோ, அதுதான் மீடியன். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இதை ‘இடைநிலை அளவு’ என்று படித்திருப்பீர்கள். இலங்கையில் படித்தவர்களுக்கு ‘இடையம்’.

முதல் படி: வரிசைப்படுத்துங்கள்

35, 36, 37, 38, 40, 41, 95

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். குறித்த வரிசையிலேயே நடு எண்ணை எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மேலே போய்ப் பாருங்கள்: 95! இருப்பதிலேயே பெரிய எண் நடு எண்ணாகியிருக்கும். இறங்குவரிசையில் அடுக்கினாலும் தப்பில்லை, விடை மாறாது. ஒரே எண் இரண்டு முறை வந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் நடு நகர்ந்துவிடும்.

இரண்டாம் படி: நடு இடத்தை எண்ணுங்கள்

மொத்தம் ஏழு. ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 4. இந்த 4 விடை இல்லை, விடை உட்கார்ந்திருக்கும் இடம். தேர்வுத்தாளில் ‘மீடியன் = 4’ என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பது மிகச் சாதாரணம். நான்காம் இடத்தில் இருப்பது 38. அதற்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. மீடியன் 38 நிமிடம்.

மூன்றாம் படி: இரட்டைப்படையாக இருந்தால்

எட்டாம் நாள் 39 நிமிடம் ஆனது என்று வையுங்கள்.

35, 36, 37, 38, 39, 40, 41, 95

இப்போது நடுவில் இரண்டு பேர் நிற்கிறார்கள்: 38, 39. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 38.5. அவ்வளவுதான் செய்முறை.

சரி, இது ஏன் வேலை செய்கிறது?

அந்த 95-ஐ அழித்துவிட்டு 950 என்று எழுதுங்கள். ஏழு நாள் சராசரி 46-லிருந்து 168-க்கு எகிறிவிடும். மீடியன் அசையாது, அதே 38. ஓர் எண் நடுவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும்தான் மீடியன் பார்க்கிறது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்பதே இல்லை.

வருமானத்தைப் பற்றிப் பேசும்போது மீடியன் அடிபடுவது இதனால்தான். ஓர் அறையில் ஐந்து பேர். சம்பளம் ஆயிரக் கணக்கில் 20, 22, 25, 27, 30. சராசரி 24.8, மீடியன் 25. கடைசி ஆள் எழுந்துபோய், 300 வாங்கும் ஒருவர் வந்து உட்காருகிறார். சராசரி 78.8 ஆகிவிடும். மற்ற நால்வர் பையிலும் ஒரு காசு ஏறவில்லை. மீடியன் இன்னும் 25-தான். மக்கள்தொகைக் கணக்கிலும் இதைப் பார்க்கலாம்: உலகின் இடைநிலை வயது சுமார் 30 என்றால், ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே.

1907-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் வெளியிட்ட கணக்கு எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தில் பிளிமத் நகரக் கண்காட்சியில் ஓர் எருதை வெட்டிச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி. 787 சீட்டுகளை வாங்கி அவர் மீடியன் எடுத்தார்: 1207 பவுண்டு. உண்மை எடை 1198. சராசரி எடுத்தால் தாறுமாறாகச் சொன்னவர்களுக்கு அதிக வலு போய்விடும், மீடியனில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது அவர் கட்சி. வேடிக்கை என்னவென்றால், பிறகு கேட்டபோது அவர் சொன்ன சராசரி 1197, இன்னும் நெருக்கம்! தவறுகள் இரண்டு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால் சராசரியும் நன்றாகவே வேலை செய்யும். மீடியன்தான் எப்போதும் உசத்தி என்று நினைக்க வேண்டாம்.

மதிப்பீடுகளில் மீடியன்

மிக மோசம், மோசம், பரவாயில்லை, நன்று, அருமை என்று ஐந்து விடைகள். இவற்றைக் கூட்டி வகுக்க முடியாது, ஆனால் வரிசைப்படுத்த முடியும். அதுவே மீடியனுக்குப் போதும். முறையே 4, 3, 6, 12, 16 பேர் சொன்னார்கள் என்றால் மொத்தம் 41. நடு ஆள் 21-ஆவது. இனிக் கூட்டிக்கொண்டே போங்கள்: 4, 7, 13, 25. இருபத்தொன்றாவது ஆள் ‘நன்று’ கூட்டத்தில் இருக்கிறார். புத்தகத்தில் இந்தக் கூட்டலுக்குக் குவிவு நிகழ்வெண் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

எங்கே ஏமாறுவோம்?

மொத்தம் வேண்டும் என்றால் மீடியன் உதவாது. 46-ஐ ஏழால் பெருக்கினால் 322, வழியில் கழித்த உண்மையான நேரம். 38-ஐப் பெருக்கினால் 266. வண்டி நின்ற நேரத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடுகிறது. செலவுத் திட்டம் போடுகிறவர்கள் சராசரியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழுக்களின் மீடியனைச் சேர்த்துப் பாதியாக்குவதும் கூடாது. 1, 2, 9 என்பதன் மீடியன் 2. 4, 5 என்பதன் மீடியன் 4.5. இரண்டுக்கும் நடு 3.25. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் 1, 2, 4, 5, 9, மீடியன் 4. மறுபடி முதலிலிருந்து வரிசைப்படுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் மீடியன் என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். வரிசைப்படுத்துவதை அதுவே பார்த்துக்கொள்ளும். வெற்றுக் கட்டத்தை அது கணக்கில் எடுக்காது, பூஜ்யத்தை எடுக்கும். தகவல் இல்லாத இடத்தில் 0 போட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மீடியன் ஒரு தீர்ப்பு இல்லை. உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982-ல் அரிதான ஒரு புற்றுநோய் என்று தெரிந்தது. அந்நோய் வந்தவர்கள் வாழும் இடைநிலைக் காலம் எட்டு மாதம் என்று படித்தார். பலர் அதை ‘எட்டு மாதத்தில் முடிந்துவிடும்’ என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் வேறு மாதிரி படித்தார்: பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டுகிறார்கள், தாண்டியவர்களில் சிலர் வெகுதூரம் போகிறார்கள். அவர் இறந்தது 2002-ல்.

அதே சொல், வேறு இடங்கள்

லத்தீனில் மீடியஸ் என்றால் நடு. சட்டை அளவில் வரும் மீடியமும் அதே வீடுதான். சாலையைப் பிரிக்கும் தடுப்பை ‘சென்டர் மீடியன்’ என்கிறோம். நம்முடைய ‘நடு சென்டர்’ போல இதிலும் நடு இரண்டு முறை வருகிறது. முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு முன்கையின் நடுவே ஓடும் நரம்புக்கும் மீடியன் என்று பெயர்; மணிக்கட்டில் அது நசுங்கினால் விரல்கள் மரத்துப்போகும்.

முக்கோணத்தில் மீடியன் என்பது நடுக்கோடு: ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் மையப்புள்ளிக்கு இழுக்கும் கோடு. அது முக்கோணத்தின் பரப்பைச் சரிபாதியாக்கும். கெட்டி அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி மூன்று நடுக்கோடுகளையும் வரையுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியைப் பென்சில் முனையில் வைத்தால் அட்டை சாயாமல் நிற்கும்.