அலெக்சிஸ் பாட்டைப் பதிப்பிக்கப் போகிறீர்களா? முதலில் அசையை எண்ணுங்கள்

இடைக்காலப் பிரெஞ்சில் புனிதர் வரலாறுகளைச் செய்யுளாகப் பாடியவை நிறைய. பதிப்பித்துப் பழக ஏற்றது 'புனித அலெக்சிஸ் வாழ்க்கை'. 11-ஆம் நூற்றாண்டுப் பாட்டு, மொத்தம் 625 அடிதான். பழைய பிரெஞ்சு ஓரளவு வாசிப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அடிப்படைச் சுவடி. இப்பாட்டுக்குப் பல கையெழுத்துப் படிகள் உண்டு. அவற்றுள் அறிஞர்கள் 'எல்' என்று குறிக்கும் படியை எடுங்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தோடு சேர்ந்த 12-ஆம் நூற்றாண்டுத் திருப்பாடல் நூலுக்குள் இருக்கிறது. நூல் இப்போது ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமில். 1872-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பாரி, படிகளின் பொதுப் பிழைகளை வைத்து மூலபாடத்தை மீட்க முயன்றார். பின்னால் வந்த இன்னொரு பிரெஞ்சு அறிஞர் ஜோசஃப் பெதியேயோ நல்ல படி ஒன்றை நம்பி, கூடியவரை கைவைக்காமல் விடச் சொன்னார். புதியவர்களுக்கு பெதியே வழிதான் சரி.

2. பெயர்த்தெழுதுதல். சுவடியில் உள்ளதைப் பார்த்து அப்படியே எழுதுவது இது. சொற்களைச் சுருக்கிப் போட்ட குறிகளை மட்டும் விரித்து எழுதுங்கள். வேர்டு வேண்டவே வேண்டாம், கேட்காமலே எழுத்தைத் திருத்தும். வெறும் உரைக் கோப்பு போதும்.

3. அசை எண்ணுதல். நான் விழுந்த குழி இதுதான். அடிக்குப் பத்து அசை என்று படித்திருந்தேன். (நேர், நிரை அல்ல, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.) முதல் அடியே இடித்தது:

போன்ஸ்-ஃபுத்-லி-செ-க்லெஸ் | அல்-தென்ஸ்-அன்-சி-எ-னுர்

'முற்காலத்தில் உலகம் நன்றாயிருந்தது' என்று பொருள். எண்ணினால் பதினொன்று! படியெடுத்தவர் தவறிவிட்டார் என்று நினைத்து ஒரு சொல்லை வெட்டினேன். இப்படியே நாற்பது அடி. தவறு என்னுடையது. நான்காம் அசைக்குப் பின் அடி நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் வரும் அழுத்தமில்லாத எகரம் கணக்கில் சேராது. ஆக 'க்லெஸ்' போய்விடும்: நாலும் ஆறும் பத்து. அடியின் கடைசியிலும் இதே சலுகை உண்டு. நாற்பதையும் திரும்பப் போட்டேன்.

இதற்குப் பிறகும் இடிக்கும் அடிகளைத்தான் சந்தேகப்படுங்கள். அப்போதும் மற்றப் படிகளைப் பார்க்காமல் திருத்தாதீர்கள்.

4. பாடபேதம். திருத்தினால், சுவடியில் இருந்ததை அடிக்குறிப்பில் கொடுங்கள். வெறும் எழுத்து வேறுபாடுகளையெல்லாம் அங்கே கொட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை: 'அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால், அதற்கு முன் வரும் எகரம் எப்போதும் கெடுமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பல அசைச் சொல்லின் கடைசியில் என்றால் பொதுவாகக் கெடும். 'கெ', 'நெ', 'செ' போன்ற ஓரசைச் சொற்களில் கெடலாம், நிற்கலாம். அங்கே அடியின் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.