கோடையில் எந்த மலைக்குப் போவது? முதல்முறை திட்டமிடுகிறவர்களுக்கு

கத்திரி வெயில் தொடங்குவதாக நாட்காட்டியில் போட்டிருப்பது மே முதல் வாரத்தில்தான். ஆனால் வேலூர், சேலம், ஈரோடு, கரூர், மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மார்ச் கடைசியிலேயே ராத்திரி மின்விசிறி சூட்டுக் காற்றை இறைக்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வீட்டில் பேச்சு எழும்: நாலு நாள் எங்கேயாவது குளிர்ச்சியான இடத்துக்குப் போய்வரலாமா? உடனே எல்லார் வாயிலும் வருவது ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். இரண்டும் அருமையான ஊர்கள்தான். ஆனால் பெயரை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்கிறவர்கள், மே மாதச் சனிக்கிழமை மதியம் மலைப்பாதையில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பாதி விடுமுறையைக் கழித்துவிடுகிறார்கள். ராத்திரி போர்வை போர்த்தித் தூங்க வேண்டுமா, ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமா, வெறுமனே வெயில் படாமல் உட்கார்ந்திருந்தால் போதுமா என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கேற்ற மலையைத் தேடுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உயரத்தைப் பாருங்கள்

ஓர் ஊர் எவ்வளவு குளிரும் என்பதைச் சுற்றுலா விளம்பரம் சொல்லாது, உயரம் சொல்லிவிடும். பொதுவாக 1000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் 6 முதல் 6.5 டிகிரி செல்சியஸ் வரை குறையும். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது, மேலெழும் காற்று விரிந்து குளிர்கிறது, அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே எந்த மலையையும் எடைபோட்டுவிடலாம்.

சேலத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். வித்தியாசம் 1200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக 8 டிகிரி குறையும். சேலத்தில் 39 என்றால் ஏற்காட்டில் பகலில் 31. நிழலில் சுகமாக இருக்கும், மாலையில் அருமையாக இருக்கும், ஆனால் நண்பகலில் படகுத்துறை வரிசையில் நின்றால் வியர்க்கத்தான் செய்யும். இதே கணக்கை ஏலகிரிக்குப் போட்டுப் பாருங்கள். அது சுமார் 1100 மீட்டர். கீழே திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் 40 அடிக்கும்போது மேலே 35ஐ ஒட்டி இருக்கும். ஏலகிரி ஒரு நாள் போய்வர நல்ல இடம், ராத்திரி தங்கினால் தூக்கமும் நன்றாக வரும், ஆனால் பகல் முழுக்கக் குளிரும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். கொல்லிமலையும் வால்பாறையும் ஏறக்குறைய இதே உயரம்தான் என்றாலும், வால்பாறையைச் சுற்றிக் காடும் தேயிலைத் தோட்டமும் இருப்பதால் அங்கே வெயில் அவ்வளவு உறைக்காது.

உண்மையான குளிர் வேண்டுமென்றால் 1800 மீட்டருக்கு மேல் போக வேண்டும். கோத்தகிரியும் குன்னூரும் ஏறக்குறைய அந்த உயரம். கொடைக்கானல் 2100 மீட்டரைத் தாண்டும், ஊட்டி சுமார் 2240. மே மாதத்தில் ஊட்டியில் பகல் வெப்பம் வழக்கமாக 22, 23 டிகிரிதான், விடியற்காலையில் 12ஐ ஒட்டி இறங்கும். ஆனாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது, 1951க்குப் பிறகு அதுதான் அதிகபட்சம். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலை மையத்தின் முன்னறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூணாறு இந்தக் கணக்குக்குக் கொஞ்சம் விலகி நிற்கும். உயரம் ஏற்காடு அளவுதான், ஆனால் சுற்றிலும் ஆனைமுடி போன்ற பெரிய மலைகள், மேற்கிலிருந்து ஏறிவரும் மேகம் எல்லாம் சேர்ந்து ஏற்காட்டைவிட நன்றாகவே குளிரும். ஏற்காடு வெயில் காயும் சமவெளிக்கு நடுவே தனியாக நிற்கிற மலை, அதுதான் வேறுபாடு. தேனி, மதுரைக்காரர்கள் போடி வழியாகப் போடிமெட்டு ஏறிப் போகலாம்.

இன்னொரு விஷயம். குற்றாலத்தையும் ஒகேனக்கலையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். குற்றாலம் மலையடிவாரம், உயரமே கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து சாரல் தொடங்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அது சொர்க்கம். அதற்கு முன் கோடைமழை பெய்தால் ஒழிய, ஏப்ரல், மே மாதங்களில் அருவியில் பெரும்பாலும் பாறைதான் தெரியும்.

படி 2: தேதியைக் குறியுங்கள்

சிலருக்குத் தேதி கையில் இருக்கும், ஊரைத் தேடுவார்கள். சிலருக்கு ஊர் முடிவாகிவிடும், தேதியை நகர்த்த முடியும். நகர்த்த முடிகிறவர்கள் தயவுசெய்து நகர்த்துங்கள். ஊட்டி மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சியும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சியும் வழக்கமாக மே மாதத்தில்தான் நடக்கும். பூக்களைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அந்த வாரம்தான் சரி. வெயிலுக்குத் தப்பி ஓய்வெடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வாரத்தைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் அறை வாடகை ஏறியிருக்கும், சாலையில் வண்டி நகராது, சாப்பிடப் போனால் மேசை காலியாகும்வரை நிற்க வேண்டியிருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் மார்ச் கடைசி அருமையான நேரம். பிள்ளைகள் இருந்தால் திங்கட்கிழமை ஏறி வியாழக்கிழமை இறங்குவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள், அதே ஊர் வேறு ஊராகத் தெரியும். ஜூன் முதல் வாரம் வரை தள்ளிப்போட்டால் இடம் பார்த்துப் போக வேண்டும், ஏனென்றால் மூணாறு, வால்பாறை, கூடலூர்ப் பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், மண்சரிவு பயமும் உண்டு. கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே மறைப்பாக நிற்பதால் அந்த மழை அங்கே அவ்வளவாக வராது. கொடைக்கானலுக்கும் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஜூனில் போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பாருங்கள்.

மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடியுடன் மழை வருவது மலையில் சகஜம். வெளியே சுற்றுவதையெல்லாம் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: யார் யார் வருகிறார்கள்?

இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். மூட்டுவலி உள்ள பாட்டி வருகிறார் என்றால், இறக்கத்தில் கட்டிய விடுதியில் அறைக்கு 50 படி இறங்கி ஏற வேண்டியிருந்தால் அவருக்கு அந்த விடுமுறை முழுக்கத் தண்டனை. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் 2000 மீட்டருக்கு மேல் போவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, அங்கே விடியற்காலைக் குளிர்காற்று மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும்.

குழந்தைகளுக்கு வளைவுகள்தான் பிரச்சினை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. வாந்தி வருகிற பிள்ளையை வைத்துக்கொண்டு கொல்லிமலையில் தொடங்க வேண்டாம். காலையில் பூரியும் வடையும் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், கைப்பேசியை வாங்கி வையுங்கள், சன்னலைத் திறந்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறத் தொடங்குவதற்கு அரைமணி நேரம், ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஐந்தாவது வளைவில் கொடுத்துப் பிரயோசனமில்லை.

படி 4: பாதையும் அனுமதிச்சீட்டும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் இன்னும் இறுக்கி, நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000, கொடைக்கானலுக்கு 4000, 6000 என்று வரம்பும் வைத்தார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, மலை தாங்குகிற அளவுக்குத்தான் நாம் ஏற வேண்டும். அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே அரசின் இ-பாஸ் இணையதளத்தைத் திறந்து, அந்த வருட விதி என்ன, நீங்கள் போகிற மலையும் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் தேதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸுக்குக் கட்டணம் கிடையாது. இந்த வரிசை முக்கியம்: முதலில் பாஸ், அப்புறம் அறை. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையே இல்லை.

அதனால்தான் முதல்முறை போகிறவர்களுக்கு நான் பேருந்தையும் ரயிலையும் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் 46 கிலோமீட்டர், 1899ல் குன்னூர் வரையும் 1908ல் ஊட்டி வரையும் வந்தது, 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும், கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும், அந்த இடத்தில் வேகம் சட்டென்று குறைந்து சத்தம் மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பி மதியம்தான் ஊட்டி சேரும். சீசனில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறக்கும் அன்றே, அதாவது 60 நாள் முன்பே போட்டுவிட வேண்டும். கிடைக்காவிட்டால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போகிற ரயிலைப் பாருங்கள்.

சீசனில் போலீசார் ஒருவழிப் பாதை அறிவிப்பது வழக்கம்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். மசினகுடி, முதுமலை வழியாக மைசூர்ப் பக்கம் போக நினைத்தால், இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர்க் காட்டுப் பாதை மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 5: பெரிய ஊருக்குப் பக்கத்து ஊரில் தங்குங்கள்

ஊட்டிக்குப் பதில் கோத்தகிரி. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய இடங்களுக்குப் பதில் பூம்பாறை, மன்னவனூர், அல்லது கீழ்மலையில் தாண்டிக்குடி. இதுதான் இந்தப் பதிவிலேயே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் முதன்முதலில் வீடு கட்டிக்கொண்டது கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில்தான், ஊட்டி அதற்குப் பிறகு வந்தது. இன்றும் கோத்தகிரியில் காலையில் கதவைத் திறந்தால் தேயிலைச் சரிவும் மேகமும்தான். பூம்பாறையில் படிப்படியாக வெட்டிய வயல்களில் மலைப்பூண்டு போட்டிருப்பார்கள், புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. வீட்டுத் தாழ்வாரங்களில் கட்டுக் கட்டாகத் தொங்கும், பக்கத்தில் போனாலே காரமான வாசனை மூக்கில் ஏறும்.

அறை எடுக்கும்போது படங்களைப் பார்த்து மயங்காமல் தொலைபேசியில் பேசுங்கள். கேட்க வேண்டியவை: கோடையில் தண்ணீர் எப்படி வருகிறது, லாரித் தண்ணீரா? சுடுதண்ணீர் எந்நேரமும் உண்டா, காலையில் மட்டுமா? வண்டி விடுதி வாசல் வரை வருமா? கூரை தகரமா, கான்கிரீட்டா? கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றாது. தகரக் கூரை பகலில் காய்ந்து ராத்திரி சில்லிட்டுப்போகும், மழை பெய்தால் சத்தத்தில் குழந்தை தூங்காது. விலை கட்டுப்படியாக வேண்டும் என்றால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு விடுதிகளையும் பாருங்கள், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்று இடத்திலும் உண்டு.

படி 6: பையில் என்ன வைப்பது

ஆளுக்கொரு ஸ்வெட்டர், குழந்தைக்குக் காதை மூடுகிற குல்லா, குடை, வழக்கமான மருந்துகள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்தான், ஏனென்றால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். தொப்பியை மறக்காதீர்கள். குளிர்கிறது என்பதால் வெயில் தெரியாது, ஆனால் உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், மாலையில் பார்த்தால் பிள்ளையின் மூக்கும் கன்னமும் சிவந்து எரியும்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு: ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள், வளைவில் முந்தாதீர்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் கருகுவதுபோல் வாசனை வந்தால் பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம். உடனே அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, பிரேக் தட்டு விரிசல் விட்டுவிடும்.