கொழும்புல இருந்து மலையகத்துக்கு எந்த ரோட்டால போறது?

நுவரெலியா ட்ரிப் ஒண்டு போட்டா எல்லாரும் முதல்ல செய்றது கூகுள் மேப்ப திறந்து நீலக் கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கிறதுதான். கல்யாண வீடு, செத்த வீடுன்னு நேரத்துக்கு போய்ச் சேரணும்னா அது போதும். மலைய பாக்கத்தான் போறீங்கன்னா வேற ரெண்டு கேள்வி இருக்கு. இந்த மாசம் மலையோட எந்தப் பக்கம் மழை? ரோட்ல வடிவான அந்த துண்டுக்கு நீங்க எத்தன மணிக்கு போய்ச் சேருவீங்க? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா ரோட்ட தெரிவு செய்றது லேசு.

முதல்ல மழை. மலையகம் முழுக்க ஒரே காலநிலை இல்ல. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுலதான் கொட்டும், அதாவது கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம், சில நாள் கித்துல்கல தாண்டினா வைப்பர் நிப்பாட்டவே ஏலாது, ஆனா அதே நாள் மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடை, பண்டாரவளையில நல்ல வெயில் அடிக்கும், காத்து மட்டும் பலமா இருக்கும். டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் இது அப்படியே மாறும், பதுளை, மகியங்கனை பக்கம் மழை, ஹட்டன் பக்கம் வானம் தெளிவு. மார்ச் - ஏப்ரல்லயும் ஒக்டோபர் - நவம்பர்லயும் ரெண்டு பக்கமும் காலையில நல்லா இருந்து பின்னேரம் இடி மின்னலோட கொட்டும், அந்த மாசங்கள்ல எந்த ரோட்டா இருந்தாலும் பகல் சாப்பாட்டுக்கு முன்ன ஏறி முடிச்சிடுங்க. நீர்வீழ்ச்சி பாக்கத்தான் ஆசைன்னா மட்டும் கணக்கு வேற, மழைக்காலம் முடியுற நேரம் பாத்து போங்க, அப்பதான் தண்ணி நிறைய இருக்கும்.

இப்ப ரோட்டுக்கு வருவம். கொழும்புல இருந்து ஏறுறதுக்கு பெரிய வழி மூணு.

ஹட்டன் வழி, ஏ7, அவிசாவளையில பிரியும். என்னைக் கேட்டா முதல்தடவை ஏறுறவங்களுக்கு இதுதான். ஒவ்வொரு மணித்தியாலமும் ரோட்டோட முகம் மாறிக்கிட்டே வரும். கித்துல்கல வரைக்கும் றப்பர் தோட்டமும் களனி கங்கையும், அங்க இருந்து கினிகத்தேனை ஏத்தம், ஏறிக்கிட்டு இருக்கும்போதே வேன் கண்ணாடிய இறக்கினா காத்து குளிருறது தெரியும், அதுக்குப் பிறகு தேயிலைதான். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில டெவன், சென்கிளயர் ரெண்டு நீர்வீழ்ச்சியையும் ரோட்ல இருந்தே பாக்கலாம். டெவன் 97 மீட்டர். சென்கிளயர்ல மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு தண்ணி குறைஞ்சு போச்சு, பழைய படங்கள்ல பாத்த மாதிரி இருக்கும்னு நினைச்சு போக வேணாம். இன்னொண்டு, டிசம்பர் போயாவுல (பௌர்ணமி நாள்) இருந்து மே மாச வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், அந்த நாட்கள்ல வெள்ளி, சனி இரவுல ஹட்டன் டவுன் பஸ்ஸால நிறைஞ்சிடும், கிழமை நாள்ல போங்க.

கண்டி வழியில கேகாலை, மாவனல்லை வரைக்கும் ட்ராஃபிக்தான், அதுல பாக்க பெரிசா ஒண்டும் இல்ல, கடுகண்ணாவை ஏத்தம் மட்டும் நல்லது. பேராதனையில ஏ5க்கு திரும்பி கம்பளை தாண்டின பிறகுதான் ரோட் தொடங்குது. புசல்லாவைக்கு மேல கொத்மலை நீர்த்தேக்கம் கீழ விரிஞ்சு கிடக்கும், றம்பொடையில ஆஞ்சநேயர் கோயில், 225 மீட்டர் சுரங்கப்பாதை, 109 மீட்டர் நீர்வீழ்ச்சி எல்லாம் கிட்டக்கிட்ட. அங்க இருந்து லபுக்கலை வரைக்கும் முடக்குக்கு மேல முடக்கு. ஒரு முடக்குல பூக்கொத்தோட நிக்கிற பிள்ளை நீங்க வாங்காம போனா தேயிலைக்குள்ள குறுக்கால ஓடி அடுத்த முடக்குல உங்களுக்கு முன்ன வந்து நிக்கும். தயவுசெய்து முடக்குல நிப்பாட்டி வாங்காதீங்க, பின்னால லொறி வரும், அந்தப் பிள்ளையும் ரோட்லதான் நிக்குது. லபுக்கலைக்கு மேல மரக்கறிக் கடைகள் இருக்கு, ஓரமா நிப்பாட்ட இடமும் இருக்கு, லீக்ஸ், கரட் எல்லாம் அங்க வாங்கிக்கலாம்.

மூணாவது இரத்தினபுரி, பலாங்கொடை வழி. ஏ4. தூரம் கூட, கூட்டம் குறைவு. பெலிஹுல்ஓயா தாண்டி ஹல்துமுல்லைக்கு ஏறும்போது தெற்குச் சமவெளி முழுக்க கீழ தெரியும், பெரகலையில இடப்பக்கம் திரும்பி ஹப்புத்தளைக்கு ஏறினா மலை முதுகுல நிக்கிற டவுன், ரெண்டு பக்கமும் பள்ளம். இதே ஏ4ல பெரகலையில திரும்பாம கொஸ்லந்த பக்கம் நேரா போனா 220 மீட்டர் தியலும நீர்வீழ்ச்சி. தென்மேல் மழை பலமா இருக்கிற வாரத்துல இரத்தினபுரியில வெள்ளம் வரும், அப்ப எல்ல டவுன் பக்கம் போறவங்க கொட்டாவையில ஹைவே ஏறி மத்தளையில இறங்கி வெல்லவாய வழியா வாறது நல்லது.

நான் எல்லாருக்கும் சொல்றது, போன வழியில திரும்பி வராதீங்க. ஹட்டனால ஏறி நுவரெலியாவுல தங்கி, அடுத்த நாள் ஹக்கல, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைன்னு போய் பெரகலையால இறங்குங்க. சீத்தாஎலிய சீதையம்மன் கோயில் இந்த ரோட்லதான். ஹக்கலையில இருந்து இறங்க இறங்க ஈரமான பச்சை போய் காய்ஞ்ச புல்லு மலையும் மரக்கறிப் பாத்தியுமா மாறும், ஒரே பயணத்துல மலையோட ரெண்டு பக்கத்தையும் பாத்த மாதிரி இருக்கும்.

நேரத்துக்கு, ஹட்டன் வழின்னா விடிய 4 மணிக்கு கொழும்ப விட்டு வெளிக்கிடுங்க. அப்பதான் வெளிச்சம் வாற நேரம் கித்துல்கலயில பிளேன்டீ குடிச்சிட்டு ஏத்தத்த தொடங்கலாம். மலையில மணிக்கு 25, 30 கிலோமீட்டர்னு கணக்கு வைங்க, மேப் சொல்ற நேரத்த நம்பாதீங்க. நம்ம நாட்டுல இடப்பக்கம் ஓட்டுறதால பள்ளம் இடப்பக்கம் வாற திசையில போனா நிப்பாட்டி பாக்கிறது லேசு, ரோட்ட குறுக்க கடக்கத் தேவையில்ல, எந்தப் பக்கமா ஏறி எந்தப் பக்கமா இறங்குறதுன்னு முடிவெடுக்கும்போது சாட்டிலைட் வியூவுல இதையும் பாருங்க.

மேப் காட்டுற ஷோர்ட்கட்ல கவனம். நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட் கொஞ்ச தூரத்த மிச்சப்படுத்தும், ஆனா சரிவு பயங்கரம். 2023 ஜனவரியில அந்த ரோட்ல இறங்கின பஸ் வேன்லயும் த்ரீவீல்லயும் மோதி 7 பேர் இறந்தாங்க. அந்தக் கொஞ்ச தூரத்துக்காக குடும்பத்தோட அதுல இறங்காதீங்க, மெயின் ரோட்லயே போங்க. எந்த ரோட்டா இருந்தாலும் இறங்கும்போது பிரேக்க மட்டும் நம்பாம ஏறின கியர்லயே இறங்குங்க, ஆக்வா, ப்ரியஸ் மாதிரி ஹைபிரிட்னா கியர் லீவர பி (B)ல போடுங்க, மத்த ஓட்டோ கியர் கார்னா எல் (L)ல. ஏறி வாற வண்டிக்கு வழி விடுங்க. பனிமூட்டத்துல ஹெட்லைட் தாழ்த்தி போடுங்க, உயர்த்திப் போட்டா வெள்ளையா சுவர்தான் தெரியும்.

மழை பெய்ற வாரத்துல இத கட்டாயம் செய்யுங்க. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைய பிரதேச செயலகப் பிரிவு வாரியா மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு கட்டமா விடும். உங்க ரோட் போற பிரிவுல செம்மஞ்சளோ சிவப்போ இருந்தா ட்ரிப்ப தள்ளிப் போடுங்க, ரூம் காசு போனா போகட்டும். 2014 ஒக்டோபர்ல கொஸ்லந்த மீரியபெத்தையில தோட்ட லயன் வீடுகள் மண்ணுக்குள்ள புதைஞ்சத நம்ம ஆட்கள் யாரும் மறக்கல, 2025 நவம்பர் டிட்வா புயலும் மலையகத்துல எத்தனையோ ரோட்ட உடைச்சுப் போட்டுச்சு. வெளிக்கிட முதல் நாள் தங்கப் போற இடத்துக்கு கோல் எடுத்து ரோட் திறந்திருக்கான்னு கேளுங்க, சந்தேகம்னா 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துல கேக்கலாம். ஹட்டன்லயோ பலாங்கொடையிலயோ ஷெட்ல எண்ணெய் அடிக்கும்போது பக்கத்துல நிக்கிற த்ரீவீல் அண்ணாமார்கிட்டயும் ஒருக்கா கேட்டுட்டு ஏறுங்க, விடிய விழுந்த மரமும் கல்லும் மேப்புக்கு வர முதல் அவங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.