கலியாணத்துக்கு முன் பேச வேண்டிய பேச்சு

ஜாதகம் பார்க்கிறோம், நகைக் கணக்குப் பேசுகிறோம். மனதைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. இலங்கை மலையகத்தில் அட்டன், பதுளைப் பக்கம் நாள் குறித்திருக்கும் இருவரும் ஒரு மாலை தனியாக உட்காருங்கள். முன்பு மனச்சோர்வு வந்ததா, மருந்து எடுக்கிறீர்களா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் குடியால் பட்ட காயம் உண்டா என்று கேளுங்கள். தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீட்டில் மாமனார், மாமியாருடன் வாழப்போகிறவர்கள், இருவருக்கான தனிமை எப்படிக் கிடைக்கும் என்பதையும் இப்போதே பேசுங்கள். பல சண்டைகள் அங்கேதான் முளைக்கின்றன என்பது என் எண்ணம்.

சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். அரச ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கட்டணம் கிடையாது. இருவருமாகவே போய் வாருங்கள்.