யாழ்ப்பாணத்து வகுப்பறையில் யூதர் இனவழிப்பு: ஆசிரியர் பயிற்சியை நடத்தும் முறை

சாதாரண தர வரலாற்றில் உலகப் போர்கள் வரும் இடத்தில் ஹிட்லரும் யூதரும் சில வரிகளில் வந்துபோவார்கள். அந்தச் சில வரிகளிலிருந்து எழும்புகிற கேள்விகள்தான் ஆசிரியரைத் திக்குமுக்காட வைக்கும். இங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஒரு யூதரையும் நேரில் கண்டதில்லை. ஆனால் ஷெல்லடி, இடப்பெயர்வு, காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. படிப்பிக்கிறவரும் அதற்குள்ளால் வந்தவர்தான். ஆகவே பயிற்சியின் ஒழுங்கை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்: யூதரின் வரலாற்றை அவர்களுடையதாகவே முதலில் முழுமையாகப் படிக்கவேண்டும், ஒப்பீடு அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கு தலைகீழானால் செயலமர்வு அரசியல் கூட்டமாகிவிடும், இல்லையென்றால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஏற்பாடு

தொடர்ந்து இரண்டு நாள், 20 முதல் 24 ஆசிரியர்கள், இரண்டு வளவாளர்கள். ஒரு பாடசாலையிலிருந்து இருவராக அழைப்பது நல்லது. ஒருவர் வரலாறு, மற்றவர் குடியுரிமைக் கல்வி, கத்தோலிக்கம் அல்லது வழிகாட்டல் ஆலோசனை. தனியே போகிறவர் திரும்பிப்போய் ஒரு தவணைக்குள் பழைய குறிப்புக்கே வந்துவிடுவார். முஸ்லிம் பாடசாலைகளையும் கட்டாயம் சேருங்கள்.

திகதியில் கவனம் வேண்டும். மே 18ஐ ஒட்டிய வாரம் (முள்ளிவாய்க்கால் நினைவு), ஜூலையின் கடைசிப் பத்து நாள் (1983 கறுப்பு ஜூலை), நவம்பர் கடைசி வாரம் (மாவீரர் நாள்) ஆகியவை வேண்டாம். ஒக்டோபர் 30உம் வேண்டாம். 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் 1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்ததும் அதே திகதியில்தான்.

ஆசிரிய மத்திய நிலைய மண்டபம் போதும். கதிரைகளை அரைவட்டமாகப் போட்டு வாசற்கதவைத் திறந்தே வையுங்கள். தொடக்கத்தில் சொல்லவேண்டிய விதி ஒன்றுதான்: யாரும் எந்த நேரமும் எழும்பி வெளியே போகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வெளியே போனவரோடு கதைக்க, பாடம் நடத்தாத வளவாளர் விறாந்தையில் நிற்கவேண்டும். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று யாரையும் கேட்கக்கூடாது. நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். ஆனால் ஒருவர் சொல்லத் தொடங்கினால் பக்கத்திலிருப்பவரும் சொல்லியாகவேண்டும் என்ற நெருக்குதல் வரும். அதைத் தாங்கிப்பிடிக்கிற ஏற்பாடு இரண்டு நாள் செயலமர்வில் இல்லை.

முதல் நாள்: பன்னிரண்டு அட்டைகள்

கொலையில் தொடங்காதீர்கள். முதல் 40 நிமிடமும் போருக்கு முந்திய வாழ்க்கை. 1933இல் ஜேர்மனியில் இருந்த யூதர் சுமார் 5 இலட்சம் பேர், சனத்தொகையில் ஒரு வீதத்துக்கும் குறைவு. போலந்தில் 30 இலட்சத்துக்கும் மேல். தையற்கடை, பள்ளிக்கூடம், கலியாணவீடு என்று நாலைந்து ஒளிப்படங்களைக் கொடுத்து, படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பகுதியை நேரமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் யூதர் என்றால் பிணக்குவியல் என்ற ஒரே பிம்பம்தான் பிள்ளைக்கு மிஞ்சும்.

பிறகு அட்டைகள். நான்கு பேருக்கு ஒரு தொகுதி, தொகுதிக்கு 12 அட்டை. முன்பக்கத்தில் சம்பவம், திகதி பின்பக்கத்தில். ஹிட்லர் அரசுத் தலைமைக்கு வந்தது (30 ஜனவரி 1933), யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னது (1 ஏப்ரல் 1933), யூத ஆசிரியர்களையும் அரச ஊழியர்களையும் நீக்கும் சட்டம் (7 ஏப்ரல் 1933), குடியுரிமையையும் கலப்புத் திருமணத்தையும் தடுத்த நூரம்பேர்க் சட்டங்கள் (15 செப்டெம்பர் 1935), பெயரோடு ‘இஸ்ரேல்’ அல்லது ‘சாரா’ சேர்க்கவேண்டும் என்ற உத்தரவு (ஓகஸ்ட் 1938), கடவுச்சீட்டில் ‘ஜே’ முத்திரை (ஒக்டோபர் 1938), தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்ட இரவு (9–10 நவம்பர் 1938), யூதப் பிள்ளைகள் அரச பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டது (15 நவம்பர் 1938), சோவியத் பகுதிகளில் கூட்டாகச் சுட்டுக்கொல்லத் தொடங்கியது (ஜூன் 1941), ஜேர்மனியில் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டும் என்ற உத்தரவு (செப்டெம்பர் 1941), கொலைத்திட்டத்தை ஒருங்கிணைத்த வான்சே கூட்டம் (20 ஜனவரி 1942), அவுஷ்விட்ஸ் முகாமை சோவியத் படை விடுவித்தது (27 ஜனவரி 1945).

திகதி பாராமல் 15 நிமிடத்தில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஹிட்லர் வந்தவுடன் கொலை தொடங்கியது என்று நினைப்பவர்கள் சுட்டுக்கொன்ற அட்டையை முன்னுக்கு வைப்பார்கள். பின்பக்கம் திருப்பினால்தான் எட்டு வருட இடைவெளி தெரியும். அந்த எட்டு வருடத்தையும்தான் படிப்பிக்கவேண்டும். 60 இலட்சம் என்ற எண் கடைசியில் வரட்டும். றோமா மக்களும் வலுவிழந்தோரும் கொல்லப்பட்டதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்த 20 நிமிடம் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு கேள்வி: இதை நிறைவேற்ற எந்தச் சாதாரண ஆளின் கை தேவைப்பட்டது? கிளாக்கர், ஸ்டேஷன் மாஸ்டர், பக்கத்துக் கடைக்காரர் என்று பதில் வரும். 15 நவம்பர் 1938 அட்டையில் நிறுத்தி, ‘இடாப்பிலிருந்து பெயரை வெட்டியவர் யார்?’ என்று கேளுங்கள். ஆசிரியர்கள் நிறைந்த அறையில் அந்தக் கேள்விக்கு வளவாளர் விளக்கம் சேர்க்கத் தேவையில்லை.

இந்த நேரத்தில் கட்டாயம் ஒருவர் சொல்வார்: ‘இது எங்கட தரப்படுத்தல் மாதிரித்தானே’ (பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட முறை). மறுக்கவும் வேண்டாம், பிடித்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். சுவரில் ஒட்டிய டிமை தாளில் எழுதி, நாளை பிற்பகல் இதற்கு நேரம் உண்டு என்று சொல்லுங்கள். சொன்னபடி நேரத்தைக் கொடுக்கவும் வேண்டும்.

இங்கே யூத வெறுப்பு எப்படி வருகிறது

நாங்கள் யூதரை வெறுப்பதில்லை, மெச்சுகிறோம் என்று பலர் சொல்வார்கள். ‘யூதர் மூளைசாலிகள், காசுக்காரர், உலகமே அவர்கள் கையில்.’ இதைப் பாராட்டு என்று விட்டுவிடாதீர்கள். உலகத்தை மறைவாக ஆளும் கூட்டம் என்ற குற்றச்சாட்டும் இந்த மெச்சலும் ஒரே கதைதான். 1903இல் ரஷ்யாவில் அச்சேறிய ஒரு போலி ஆவணம் அந்தக் கதையைப் பரப்பியது. அது போலி என்று 1921இலேயே லண்டன் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் வருகிறது.

இரண்டாவது, பெரிய வெள்ளி. ‘யூதர் யேசுவைக் கொன்றார்கள்’ என்ற வரி திருப்பாடுகளின் நாடகம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இயல்பாக வரும். அந்தப் பழியை அன்றைய யூதர் எல்லோர் மேலும், இன்றைய யூதர் மேலும் சுமத்தமுடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965 ஒக்டோபர் 28இல் அறிவித்தது. இதைக் கத்தோலிக்கப் பாட ஆசிரியர் சொன்னால்தான் எடுபடும்.

மூன்றாவது, போர்க்காலத்தில் குண்டுவீசிய கிபிர் விமானம். வடக்கில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். அந்த விமானம் இஸ்ரேலில் செய்யப்பட்டது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் கோபத்தைப் பிழை என்று சொல்லாதீர்கள். விமானத்தை விற்றது ஒரு நாடு, வாங்கியது ஒரு நாடு. 1942இல் போலந்தில் கொல்லப்பட்ட தையற்காரருக்கு இதில் பங்கில்லை. காசா பற்றிய கேள்விக்கும் இதே கோடுதான். ஓர் அரசின் செயலை எவ்வளவு கடுமையாகவும் கண்டிக்கலாம், அதற்காக யூதர் என்ற மக்களை வெறுப்பது வேறு. எந்த முஸ்லிம் மாணவரையும் பார்த்து இந்த விளக்கத்தைச் சொல்லக்கூடாது, வகுப்பு முழுவதற்கும் சொல்லுங்கள்.

சுவஸ்திகத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கோயிலிலும் கணக்குக் கொப்பியிலும் இருப்பது நம்முடையது. நாசிகள் அதைச் சரித்து, சிவப்புக்கொடியில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாகப் போட்டார்கள். ‘ஆரியர்’ என்று நாசிகள் சொன்னதை ஆரிய–திராவிட விவாதத்தோடு முடிச்சுப்போடக் கூடாது. கண்டிப்பானவருக்கு ‘ஹிட்லர் வாத்தியார்’ என்று பட்டம் வைக்கிற பழக்கத்தையும் இங்கேயே கதைத்து முடியுங்கள்.

இரண்டாம் நாள்: ஒப்பீடு

காலையில் இனப்படுகொலை பற்றிய ஐ.நா. சமவாயம், 9 டிசம்பர் 1948. இலங்கை 1950இல் இணைந்தது. அதன்படி இனப்படுகொலை என்பதற்கு, தேசிய, இன, மரபின, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் வேண்டும். அதோடு ஐந்து செயல்களில் ஒன்று: கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடுந்தீங்கு, அழிவுக்கு இட்டுச்செல்லும் வாழ்க்கை நிலைமை, பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளைப் பலவந்தமாக வேறு குழுவுக்கு மாற்றுதல். ருவாண்டாவை (1994, சுமார் 100 நாள்) வைத்து, வானொலி என்ன செய்தது, அடையாள அட்டையில் இனம் எழுதியது என்ன செய்தது என்று ஒருமுறை பயிலுங்கள்.

பிற்பகல் டிமை தாளுக்கு வாருங்கள். முதற்கேள்வி தெரிந்ததே: ‘எங்களுக்கு நடந்தது இனப்படுகொலையா?’ ஆசிரியர் 90 செக்கனில் பதில் சொல்லப் பழகவேண்டும். மழுப்பினால் பிள்ளை அடுத்த பாடத்தையும் நம்பாது. பதிலில் இருக்கவேண்டியவை: சட்டம் செயலையும் நோக்கத்தையும் இரண்டாகப் பார்க்கிறது, வட மாகாண சபை 2015 பெப்ரவரி 10இல் ஆம் என்று தீர்மானம் நிறைவேற்றியது, அரசாங்கம் மறுக்கிறது, சர்வதேச நீதிமன்றம் எதுவும் இதில் தீர்ப்பளிக்கவில்லை, எந்தப் பெயர் வைத்தாலும் வீட்டில் இறந்தவரின் இழப்பு கூடவோ குறையவோ போவதில்லை. நீதிமன்றம் எவ்வளவு இறுக்கமாகப் பார்க்கும் என்பதற்கு பொஸ்னியா வழக்கு உதவும். சர்வதேச நீதிமன்றத்தின் 2007 தீர்ப்பில் அந்தப் போர் முழுவதிலும் ஸ்ரெப்ரெனிச்சா நகரில் நடந்த படுகொலை மட்டுமே இனப்படுகொலையாகக் கொள்ளப்பட்டது. வகுப்பில் வாக்கெடுப்பு வேண்டாம்.

1990இல் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதை யாரும் தாளில் எழுதாவிட்டால் வளவாளரே எழுதவேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணிநேர அவகாசம். நமக்கு நடந்ததை மட்டும் பேசுகிற ஒப்பீட்டைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒப்பிடும்போது தாளை இரண்டாகப் பிரித்து, ஒற்றுமைக்கு எத்தனை வரியோ வேற்றுமைக்கும் அத்தனை வரி எழுதவேண்டும் என்பது விதி. இது இல்லாவிட்டால் ஒற்றுமைப் பக்கம் மட்டும் நிரம்பும்.

வகுப்புக்குக் கொண்டுபோகும்போது

ஒரு பாடவேளை 40 நிமிடம். கடைசி 7 நிமிடத்தில் புதிதாக எதுவும் சொல்லாமல், எழுதவோ சும்மா இருக்கவோ விடுங்கள். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் வைக்காதீர்கள், பிள்ளை அதை இரண்டு நாள் தனியே சுமக்கும். பாடம் இருக்கிறதென்று முதல் நாளே சொல்லுங்கள். படம் நான்குக்கு மேல் வேண்டாம், உடல்கள் உள்ள படம் ஒன்றுகூட வேண்டாம். பாதி வகுப்புக்கு நட்சத்திரம் குத்தி நடிக்கவைப்பதும், பரிசளிப்பு விழாவுக்கு முகாம் நாடகம் போடுவதும் வேண்டாம். கொடுமைப்படுத்துகிற பாத்திரம் பிள்ளைக்குப் பிடித்துப்போவது உண்டு. தப்பிப் பிழைத்த ஒருவரின் சாட்சியத்தைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஆசிரியரே வாசிப்பது, உபதலைப்பு இல்லாத காணொளியைவிட நன்றாக வேலைசெய்யும்.

பிள்ளை அழுதால் பாடத்தை நிறுத்தி வகுப்பை எழுத விட்டு, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரைக் கூப்பிடுங்கள். ‘ஏன் அழுகிறாய்’ என்று எல்லோர் முன்னாலும் கேட்கவேண்டாம். 1926 என்ற இலவச மனநல இலக்கத்தைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஆறு வாரத்தில் அரைநாள் திரும்பக் கூடுங்கள். ஒவ்வொரு சோடியும் தாங்கள் நடத்திய ஒரு பாடத்தின் குறிப்பையும், பதில் சொல்லமுடியாமல் போன ஒரு கேள்வியையும் கொண்டுவரட்டும். அடுத்த செயலமர்வின் டிமை தாள் அந்தக் கேள்விகளோடு தொடங்கலாம்.