9999 கேம் வேண்டாம், அறுபது போதும்

டிவி கேம் கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பதென்னவோ பத்துப் பதினைந்து கேம்தான். மீதியெல்லாம் அதே கான்ட்ரா, அதே மரியோ. இன்று ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றி டிவியில் மாட்டுகிறவர்களும் இந்த எண்ணிக்கை ஆசையில்தான் சறுக்குகிறார்கள். நிரப்பியே விற்கும் மெமரி கார்டில் இருப்பது பெரும்பாலும் உரிமமில்லாத நகல். ஒரே கேம் நாலு தடவை இருக்கும், பாதி ஓடாது. பழைய கேம் சிஸ்டம் ஒவ்வொன்றுக்கும் பத்து என்று வையுங்கள்; ஆறு சிஸ்டத்துக்கு அறுபது. ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்து, சத்தம், பட்டன், சேவ் மூன்றும் சரியாக இருந்தால்தான் பட்டியலில் இடம்.

நம் ஊரில் முதலில் தேடுவது முஸ்தபா. கேப்காம் 1993-ல் விட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’தான் அது. இதன் ஜிப் ஃபைலின் பேர் ஆங்கிலத்தில் டி, ஐ, என், ஓ என நான்கே எழுத்து. ‘முஸ்தபா’ என்று பேரை மாற்றினீர்களோ, திரை ஒரு நொடி கறுத்து மெனுவுக்கே திரும்பிவிடும். ஆர்கேட் எமுலேட்டர், அதாவது காசு போட்டு ஆடும் மெஷின் கேம்களை ஓட்டும் மென்பொருள், கேமை அடையாளம் காண்பதே ஃபைல் பேரை வைத்துத்தான். ஜிப்பைப் பிரிக்கவும் வேண்டாம். முஸ்தபா என்றே பட்டியலில் தெரிய வேண்டுமா? செலக்ட் பட்டனை அழுத்தி மெட்டாடேட்டாவில் (கேமைப் பற்றிய விவரப் பக்கம்) பேரை மட்டும் மாற்றுங்கள். பேர் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் பதிப்பு பொருந்தவில்லை: மேம் (MAME) என்ற ஆர்கேட் எமுலேட்டரின் ‘மேம் 2003’ கோர் கேட்பது மேம் 0.78 பதிப்புக்கான ஜிப் தொகுப்பை, புதிய மேமுக்கான ஜிப் அதில் எடுபடாது.

நம் பழைய டிவியெல்லாம் ஐரோப்பாவைப் போல ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை என்பதால் கேமின் ஐரோப்பியப் பதிப்பை எடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸில் ஓடும். பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து இழுக்கும். அமெரிக்கப் பதிப்பே சரி.

பழைய போன் சார்ஜரும் ஆகாது. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். திரை மூலையில் மின்னல் குறி வந்தால் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். சேலத்துச் சித்திரை வெயிலில் டிவி ஷோகேஸுக்குள் பூட்டி வைத்தால், சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைக்கும். சின்ன ஃபேன் வைத்த கேஸ் போதும்.

ஏற்காட்டுப் பக்கம் தொல்லை வேறு: சாயங்கால இடிமழை, கூடவே கரண்ட் கட். கேமுக்குள் செய்யும் சேவ் உடனே கார்டுக்குப் போவதில்லை. பல அமைப்புகளில் கேமை விட்டு வெளியே வரும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் இரண்டு மணி நேர ஆட்டம் காலி. ரெட்ரோபைக்குள் கேமை ஓட்டும் ரெட்ரோஆர்ச்சின் சேவிங் பகுதியில் ஆட்டோசேவ் இடைவெளியை 60 நொடி என்று வையுங்கள். மினி யூபிஎஸ் வாங்குவதென்றால் 5 வோல்ட், 3 ஆம்பியர் வெளியீடு இருக்கிறதா பாருங்கள். ரௌட்டருக்கான 12 வோல்ட் வயரை ஏதாவது கனெக்டர் போட்டுச் செருகினால் போர்டே போய்விடும்.