நோஸ்கிரிப்ட் ஷார்ட்கட்: கை முந்துவதால் வரும் தவறுகள்

நோஸ்கிரிப்ட் என்பது பக்கங்களில் ஓடும் ஸ்கிரிப்டுகளை, அதாவது சிறு நிரல்களை, நீங்கள் அனுமதிக்கும் வரை தடுத்து வைக்கும் பிரவுசர் நீட்சி. அதைப் போட்ட பிறகு பாதித் தளங்கள் உடைந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் மவுஸை நகர்த்தி ஐகானைத் தேடுவது சலிப்பு. அதனால் கீபோர்ட் ஷார்ட்கட்டுக்கு மாறுவது சரிதான். தவறுகள் அதற்கப்புறம்தான் தொடங்குகின்றன.

பெரிய தவறு, பக்கம் முழுவதையும் தற்காலிகமாக நம்பும் கட்டளைக்கு ஒரு கீ ஒதுக்கி, தளம் அசையாதபோதெல்லாம் அதையே தட்டுவது. ஒரு செய்தித் தளத்தில் வீடியோ ஓடவில்லை என்று வையுங்கள். நோஸ்கிரிப்ட் பட்டியலில் ஐந்து டொமைன்கள் (ஸ்கிரிப்டுகள் வரும் தள முகவரிகள்) இருக்கின்றன. கீயைத் தட்டுகிறீர்கள், ஐந்துக்கும் அனுமதி போய்விட்டது, பக்கம் ரீலோட் ஆகிறது. இப்போது பட்டியலைப் பார்த்தால் பன்னிரண்டு. அனுமதி வாங்கிய ஸ்கிரிப்டுகள் தங்கள் பங்குக்குப் புதிய ஸ்கிரிப்டுகளை இழுத்து வந்திருக்கின்றன. வீடியோ இன்னும் ஓடவில்லை. கை மறுபடி அதே கீக்குப் போகிறது. இரண்டு தட்டில் விளம்பர, கண்காணிப்பு டொமைன்கள் மொத்தமும் உள்ளே வந்தாயிற்று. தேவைப்பட்டதோ தளத்தின் சொந்த டொமைனும் வீடியோவைத் தரும் இன்னொன்றும் மட்டும்.

அந்த அனுமதி அந்த ஒரு டேபோடு நின்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. வழக்கமாக அது டொமைனுக்குத் தரப்படுவது. ஒரு டேபில் நம்பிய விளம்பர டொமைன் மற்ற டேப்களிலும் நம்பிக்கை பெற்றதாகவே ஓடும், நீங்கள் ரத்து செய்யும் வரை அல்லது பிரவுசரை மூடும் வரை. பிரவுசரை மூடாமலே வாரக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு 'தற்காலிகம்' எவ்வளவு நீளும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கீ ஒதுக்க வேண்டியது ரத்து செய்யும் கட்டளைக்குத்தான். அனுமதி கொடுக்க, ஆல்ட்+ஷிப்ட்+என் அழுத்தி மெனுவைத் திறந்து, பெயர்களைப் படித்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அந்த இரண்டு நொடித் தாமதம் நல்லதுக்கே.

படிவம் நிரப்பும்போதோ பணம் கட்டும்போதோ அனுமதியை மாற்றாதீர்கள். ரீலோடில் நிரப்பியதெல்லாம் போகலாம். பணம் கட்டும் பக்கமென்றால் பரிவர்த்தனையே பாதியில் அறுந்து நிற்கலாம். அனுமதி வேலையை முதல் பக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

கீ வேலை செய்யவில்லை என்றால் நீட்சியைக் குறை சொல்வதற்கு முன் மோதலைப் பாருங்கள். கண்ட்ரோல்+ஷிப்ட்+டி (T) பிரவுசருக்கே சொந்தம், மூடிய டேபைத் திறப்பது. ஆல்ட்+ஷிப்ட்டில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: கீ ஒரு நொடி பிசகினால் மெனு வராது, மொழிதான் மாறியிருக்கும். ஃபயர்பாக்ஸில் நீட்சிகள் பக்கத்தின் பற்சக்கர ஐகானுக்குள் ஷார்ட்கட்களை மாற்றும் இடம் இருக்கிறது. குரோமிலும் நீட்சிகள் பக்கத்தின் பக்கவாட்டு மெனுவில் உண்டு. தனிப்பட்ட சாளரத்தில் மட்டும் கீ அசையவில்லையென்றால், அங்கே ஓட அந்த நீட்சிக்கு நீங்கள் இன்னும் அனுமதி தரவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.